மாப்பிள்ளை சொன்னபடியே செய்தேன்

பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்க வேண்டும். இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது; என் மாப்பிள்ளைக்குக்கூட இல்லை. மற்ற எல்லா விஷயத்திலும் அவருக்கு என்னைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக நிதானமாகச் சொல்கிறேன்.

மாப்பிள்ளை என்றால் என் ஒரே தங்கையின் கணவர். இருவரும் ஒரு பழைய டீசல் பிக்கப்பில் வீடு வீடாகத் தண்ணீர் கேன் போட்டுவந்தார்கள். அவர் ஓட்டுவார். அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனில் ஆர்டர் எடுப்பாள். நான் இருபத்திரண்டு வருடமாக மெக்கானிக். அவர் மூன்று வருடமாகப் போனில் வீடியோ பார்ப்பவர். சொந்தக்காரர்கள் யார் பேச்சை நம்பினார்கள் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மூன்று மாதத்துக்கு முன்பு, "பிரேக் கல்லாட்டம் இருக்கு மச்சான், ஏறி நின்னு மிதிச்சாத்தான் பிடிக்குது" என்று வண்டியைக் கொண்டுவந்து விட்டார். இன்ஜினை அணைத்துவிட்டு, பெடலை ஐந்தாறு தரம் மிதித்து, காலை எடுக்காமலே ஸ்டார்ட் செய்தேன். பெடல் ஒரு விரல் அளவு இறங்க வேண்டும். இறங்கவில்லை. மிதிக்கும் அழுத்தத்தைக் கூட்டித் தரும் பூஸ்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி, இன்ஜின் ஓடும்போதே அதன் வாயில் கட்டைவிரலை வைத்தேன். விரலைப் பிடித்து இழுக்க வேண்டிய ஹோஸ் சும்மா கிடந்தது. டீசல் வண்டியில் பிரேக்குக்குத் தேவையான அந்த உறிஞ்சலை உண்டாக்கவென்றே ஒரு சின்ன வேக்குவம் பம்ப் உண்டு. அதுதான் தேய்ந்திருந்தது. காலி வண்டி எப்படியோ நின்றுவிடும். அறுபது கேனோடு இறக்கத்தில் வந்தால் நிற்காது.

சொன்னேன். ஒரு தரம் சொன்னேன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். அன்று தங்கை வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"பம்ப் கிணத்துல இருக்கும் மச்சான், வண்டியில எதுக்கு? பிரேக் பேடு தேஞ்சு போயிருக்கு, அதை மாத்துங்க. நான் சொல்றதை மட்டும் செஞ்சா போதும்."

எல்லோரும் சிரித்த சிரிப்பில் சித்தப்பாவுக்குப் புரையேறியது. தங்கையும் சிரித்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், தமாஷ் நன்றாகத்தான் இருந்தது.

எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நாலு வார்த்தை பேசியிருப்பேன், அதோடு போயிருக்கும். எனக்கு வந்தது மரியாதை. வாடிக்கையாளர் சொல்வதை மட்டும் செய்வது, அதைச் சுத்தமாகச் செய்வது என்று முடிவெடுத்துக்கொண்டேன்.

பேடு மாற்றச் சொன்னார், மாற்றினேன். பத்து நாள் கழித்து பிரேக் ஆயிலை மாற்றச் சொன்னார். அப்புறம் மாஸ்டர் சிலிண்டர். கடைசியில் பூஸ்டரையே மாற்றச் சொன்னார், அதையும் செய்தேன். ஒரு போல்ட்டில்கூடக் குறை வைக்கவில்லை. வேறு மெக்கானிக்கை வைத்துப் பார்த்தாலும் அப்படித்தான் சொல்வார். ஒவ்வொரு தடவையும் வண்டியை அனுப்பும் முன் ஹோஸில் கட்டைவிரலை வைத்துப் பார்ப்பேன். போன தடவையைவிட இன்னும் மோசமாக இருக்கும். நான் சொன்னதே சரி என்று ஆகிக்கொண்டிருந்தது. அந்தச் சந்தோஷத்தை யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை.

புதுப் பம்ப் ஒன்றை வாங்கி அலமாரியில் தயாராக வைத்திருந்தேன். இப்போது உங்கள் மேஜைமேல் இருப்பது அதுதான். மாட்டுவதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. மாப்பிள்ளை வாயைத் திறந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

புதன்கிழமை காலையில் தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, இன்னைக்கு மேட்டுத் தெரு ஆர்டர். ஃபுல் லோடு. எனக்கு என்னமோ பயமா இருக்கு. இந்த வண்டியில போலாமா?"

"உன் வீட்டுக்காரரைக் கேளும்மா. அவருக்குத் தெரியாததா?"

"அவர் போலாம்னுதான் சொல்றாரு. நீ சொல்லேன்."

"அவர் சொன்னதெல்லாம் செஞ்சு குடுத்துட்டேன்."

"சரிண்ணா, நீ பார்த்திருக்கேல்ல, அது போதும்" என்று வைத்துவிட்டாள்.

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

மேட்டுத் தெரு இறக்கத்தின் கடைசியில் இருக்கும் சுவரை நீங்களே அளந்துவிட்டீர்கள். அவள் உட்கார்ந்திருந்த பக்கம்தான் மோதியது. மாப்பிள்ளைக்குக் கை மட்டும் முறிந்தது.

நீங்கள் கேட்டதற்குப் பதில், ஆமாம். பிரேக் பிடிக்காது என்று தெரியும். அவள் அந்த சீட்டில் இருப்பாள் என்பதும் தெரியும்.

நேற்று உங்கள் ஸ்டேஷன் வாசலில் வைத்துப் பழைய பம்பைக் கழற்றச் சொன்னீர்கள் அல்லவா? உள்ளே தகடுகள் தேய்ந்திருப்பதைக் காட்டி, ஒவ்வொன்றாக விளக்கினேன். மாப்பிள்ளை கட்டுப் போட்ட கையோடு நின்று கடைசிவரை கேட்டார். ஒரு இடத்தில்கூடக் குறுக்கே பேசவில்லை. "நீங்க சொன்னதுதான் சரி மச்சான்" என்றார். நானும் பெருந்தன்மையாக அவர் தோளில் கை வைத்தேன். நாங்கள் இரண்டு பேரும் இப்படி ஒருவரையொருவர் புரிந்துகொண்டு போக வேண்டும் என்றுதான் தங்கை எப்போதும் ஆசைப்படுவாள். அதைப் பார்க்க அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை.