புகை வராத வீடுகள்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் பயணக் குழுப் பெரியோர்களே, இந்த மண்டபத்தைத் தந்து உதவிய பேருந்துத் தொழிலாளர் சங்கத் தோழர்களே, நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கும் நண்பர்களே, முன்வரிசையில் இருக்கும் என் அண்ணி அவர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

என்னை உங்களில் பலருக்குத் தெரியும். பேருந்து நிலையத்துக்கு எதிரே கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். இந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் மூக்கில் இருப்பது நான் போட்டுக் கொடுத்த கண்ணாடிதான். பேச்சு எனக்கு வராது. ஆனாலும் இன்று நான்தான் பேச வேண்டும் என்று அடம்பிடித்து இந்த இடத்தை வாங்கியிருக்கிறேன். ஏன் என்று கேட்கிறீர்களா? இந்தக் கூட்டத்தின் முடிவில் ஒரு தீர்மானம் வாசிக்கப் போகிறார்கள். இனி நம் குழு மலைமேல் ஏறாது, சாலையோரத்திலேயே மளிகை மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு அதே வண்டியில் திரும்பிவிடும் என்பது அந்தத் தீர்மானம். அதில் என் கையெழுத்தும் இருக்கிறது. அதைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

நாம் இழந்தது யாரை? முப்பத்தோரு வருடம் இந்தச் சங்கத்தின் உறுப்பினர், ஒன்பது வருடம் நம் பயணக் குழுவின் அமைப்பாளர், அண்ணிக்குக் கணவர், நம் எல்லோருக்கும் வெறும் 'கண்டக்டர்'. ஓய்வு பெற்று வந்த பிறகும் அந்தப் பெயர் அவரை விட்டுப் போகவில்லை. கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தியில் தலையை எண்ணுகிறவர் அவர். ஒரு தலை குறைந்தால் சாப்பிட உட்கார மாட்டார். எழுந்து போய்த் தேடுவார்.

இந்தக் குழு எப்படித் தொடங்கியது என்று இளைஞர்கள் சிலருக்குத் தெரியாது. நாங்கள் சேவை செய்யக் கிளம்பியவர்கள் இல்லை. ஊர் சுற்றக் கிளம்பியவர்கள். மாதம் ஒரு சனிக்கிழமை வண்டி பிடித்து அருவி, அணை, காடு என்று போவோம், சாப்பிடுவோம், படம் எடுத்துக்கொள்வோம், திரும்புவோம். அப்படி ஒரு தடவை மலைச்சாலையில் வண்டி படுத்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஊருக்கு நடந்தோம். ஒரு மரத்தடியில் உட்கார்ந்து கொண்டுவந்த சாப்பாட்டைப் பிரித்தோம். பெரியவர்களும் பிள்ளைகளுமாக இருபது பேர் வந்து நின்றார்கள். கை நீட்டவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை. நின்றார்கள், அவ்வளவுதான். நாங்கள் மூடியை மூடுவதா திறந்து வைப்பதா என்று தெரியாமல் விழித்தோம். கண்டக்டர் தன் டப்பாவை அப்படியே கொடுத்துவிட்டு எழுந்தார். எங்களுக்கும் வேறு வழி இல்லை, கொடுத்தோம். உண்மையைச் சொன்னால், சிலர் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தோம்.

திரும்பும் வழியில் அவர் வண்டியின் நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த மாதமும் இதே வண்டி, இதே ஆட்கள், ஆனால் ஆளுக்கு ஒரு மூட்டை தோளில் இருக்க வேண்டும் என்றார். வர விருப்பமில்லாதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். நடுக்காட்டில் யார் இறங்குவார்கள்? அப்படித்தான் நாங்கள் நல்லவர்களானோம்.

என் கடையின் பின்னறையில்தான் மூட்டை கட்டுவோம். மாவு, பருப்பு, எண்ணெய், உப்பு. மூட்டைக்குப் பன்னிரண்டு கிலோ, ஒரு குடும்பத்துக்கு ஒரு மாதத்துக்கு இழுத்துப் பிடிக்கலாம். நான் தராசில் நிறுப்பேன், அவர் வாயைக் கட்டுவார். முடிச்சைப் போட்டபடியே என்னை வம்புக்கு இழுப்பார். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறாய், முள் எங்கே நிற்கிறது என்று உனக்குத் தெரியவில்லையே என்பார். அவர் என்னைச் சீண்டாத நாள் எனக்குச் சாப்பாடு இறங்காது.

அவையோரே, இப்போது நான் சொல்லப்போவதை இரங்கல் கூட்டத்தில் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவர் இதை மறைத்ததே இல்லை. புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவரிடமும் முதல் வேலையாக இதைத்தான் சொல்வார். அவர் மறைக்காததை மறைக்க நான் யார்?

முதல் வருடம் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. மலை முகட்டில் ஏறி நின்றால் கீழே ஊர் முழுவதும் தெரியும். காலை நேரம், அடுப்பு எரிகிற நேரம். எத்தனை வீட்டுக் கூரையில் புகை வருகிறது என்று எண்ணுவோம். பத்தொன்பது புகை என்றால் பத்தொன்பது மூட்டை. புகை வராத வீடு ஆள் இல்லாத வீடு, பிழைப்புத் தேடிப் போய்விட்டார்கள் என்று எடுத்துக்கொள்வோம். இந்த யோசனையைச் சொன்னவர் கண்டக்டர்தான். தலையை எண்ணியே பழகியவர், அதனால் புகையை எண்ணினார். எங்களுக்கும் தோள்வலி மிச்சம். ஆகா, என்ன மூளை என்று பாராட்டினோம்.

அந்த வருடக் கடைசியில், ஒரு ஊருக்கு இரண்டாவது மாதமாகப் போனபோது கடைசி வீட்டு வாசலில் மண் புதிதாகக் கிளறியிருந்தது. ஒரு தாய், அவள் கைக்குழந்தை. நாங்கள் முந்தின மாதம் வந்துபோன ஒன்பதாம் நாள் குழந்தை, பதினான்காம் நாள் தாய். வீட்டில் ஆள் இருந்தது எங்களுக்குத் தெரியாதே, புகை வரவில்லையே என்று கண்டக்டர் கேட்டார். பக்கத்து வீட்டுப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அடுப்புல வைக்க ஒண்ணுமே இல்லாத வீட்ல எப்படிங்க புகை வரும்?"

அவள் இன்னொன்றும் சொன்னாள். அதையும் அவர் மறைக்காமல் சொல்வார். "நீங்களும் கேக்கல, நாங்களும் சொல்லல. சொன்னா எங்க மூட்டையில பாதி போயிடுமோன்னு பயம்."

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யோசித்துப் பாருங்கள். சாப்பாடு இருக்கிற வீடுகளைத் தேடித் தேடிச் சாப்பாடு கொடுத்தோம். சாப்பாடு இல்லாத வீட்டைக் காலி என்று ஒதுக்கினோம். மலையேறி, வியர்வை சிந்தி, தோள் தோல் உரிய இந்தக் காரியத்தைச் செய்தோம்.

அன்றிலிருந்து எட்டு வருடம் அவர் புகையை எண்ணவே இல்லை. எல்லாக் கதவையும் தட்டினார். பூட்டிய கதவைத் தட்டினார். கூரை விழுந்த வீட்டின் கதவைத் தட்டினார். பதில் வராவிட்டால் உள்ளே போனார். அடுப்புச் சாம்பலில் விரலை விட்டுப் பார்த்தார். சாம்பல் சூடாக இருந்தால் அந்த வீடு காத்திருக்கலாம், சில்லென்று இருந்தால் முதல் மூட்டை அங்கே. அதைத்தான் எங்களுக்கும் விதியாக வைத்தார். மலையிலிருந்து இறங்கியதும் எங்கள் விரல்களைப் பார்ப்பார். கரி இல்லாத விரல் என்றால் அன்றைக்கு அவனுக்குப் பூசைதான். எத்தனை பேர் திட்டு வாங்கியிருக்கிறோம்! எத்தனை பேர் பின்னால் போய்ச் சிரித்திருக்கிறோம்!

அண்ணி, இனிமேல் சொல்லப்போவது உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது.

போன மாதம் மேல்சரிவில் இருக்கும் ஊருக்குப் போனோம். பதினேழு வீடு. அவருக்கு முழங்கால் வீக்கம், அதனால் வண்டியோடு சாலையிலேயே இருந்தார். ஏறினவர்களுக்கு நான் தலைமை. மழை பிடித்துக்கொண்டது. பதினொரு வீட்டில் புகை வந்தது, கொடுத்தோம். புகை வராத நான்கு வீட்டைத் தட்டினேன். நான்கிலும் ஆள் இருந்தார்கள். நான்கிலும்! இதைப் பார்த்த பிறகும் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஓடைக்கு அந்தப் பக்கம், இன்னும் கால் மணி நேர ஏற்றத்தில் இரண்டு வீடு மிச்சம் இருந்தது. புகை இல்லை. கூரை சாய்ந்திருந்தது. எனக்குக் குளிர், பசி. வண்டியில் சூடாகத் தேநீர் இருக்கும் என்ற நினைப்பு. காலி வீடு என்று என்னோடு வந்தவர்களிடம் சொல்லிவிட்டு, இரண்டு மூட்டையையும் சுமந்துகொண்டு இறங்கிவிட்டேன்.

கீழே அவர் கேட்டார். "மேல ரெண்டு வீடும் தட்டினியா?"

தட்டினேன் என்றேன்.

"அடுப்பு?"

தொட்டுப் பார்த்தேன், சாம்பலே இல்லை, பழைய வீடு என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்து விரலைத் திருப்பிப் பார்த்தார். மழையில் கழுவிப் போயிருக்கும் என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. கையை விட்டுவிட்டுத் தலைகளை எண்ணப் போய்விட்டார்.

நான்கு நாள் கழித்து, புதன்கிழமை காலை, யாரிடமும் சொல்லாமல் என் கடைக்கு வந்து அந்த இரண்டு மூட்டையையும் எடுத்துக்கொண்டார். நான் அப்போது ஒருவருக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தேன். கையை மட்டும் ஆட்டினேன், அவரும் ஆட்டினார். சாதாரணப் பேருந்தில் சீட்டு வாங்கிப் போனார். அறுபத்தேழு வயது, வீங்கிய முழங்கால், இரண்டு தோளிலும் பன்னிரண்டு பன்னிரண்டு கிலோ. ஓடைக்கு இந்தப் பக்கம் ஈரப் பாறையில் கால் சறுக்கிவிட்டது. மத்தியானம் ஆடு மேய்க்கிறவர் ஒருவர்தான் பார்த்தார். தூக்க ஆள் வரும்வரை ஒரு மூட்டையை அவர் தலைக்கு அணைவாக வைத்திருந்தார் அந்த நல்ல மனிதர். ஆள் வந்தபோது உயிர் இல்லை.

அவரைக் கொண்டுவந்து கிடத்திய அன்று, அழுது ஓய்ந்த பிறகு, அண்ணி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்கள். "அந்த ரெண்டு வீட்லயும் ஆளு இருந்தாங்களா?" தெரியாது என்றேன். அது மட்டும் பொய் இல்லை.

மூன்றாம் நாள் நான் ஏறினேன். இரண்டு கதவையும் திறந்தேன். முதல் வீட்டில் ஆட்டுப் புழுக்கை, உடைந்த அடுப்பு. இரண்டாவது வீட்டில் அடுப்பு முழுக்க மழைத் தண்ணீர். மூலையில் ஒற்றைச் செருப்பு. கீழ்வீட்டில் கேட்டேன். எட்டு மாதத்துக்கு முன்பே இரண்டு குடும்பமும் வேலை தேடிப் போய்விட்டார்கள்.

யாரும் இல்லை, அவையோரே. இரண்டு வீடும் காலி. நான் சொன்ன பொய் உண்மையாகவே இருந்தது. காலி வீட்டுக்கு மாவு சுமந்துகொண்டு போய்த்தான் நம் கண்டக்டர் செத்தார்.

இதை நான் இன்று காலை வரை யாரிடமும் சொல்லவில்லை. இந்த உரையை முதலில் எழுதியபோது அந்த வீட்டில் ஒரு குழந்தையை வைத்து எழுதினேன். பசித்த குழந்தை, இப்போது பிழைத்துக்கொண்ட குழந்தை. நன்றாகத்தான் வந்திருந்தது. நீங்கள் எல்லோரும் அழுதிருப்பீர்கள். எனக்கும் மனசு லேசாகியிருக்கும். இன்று காலை அதை எடுத்துக்கொண்டு அண்ணியிடம் வாசித்துக் காட்டப் போனேன். முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. தாளைக் கீழே வைத்துவிட்டு, தட்டாத கதவைத் தட்டினேன் என்றது முதல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர்களுக்குப் பாதி முன்பே தெரிந்திருந்தது. நான் பொய் சொன்னதை அவர் அன்றைக்கே வீட்டில் சொல்லியிருக்கிறார். "பாவம், நனைஞ்சு போய் வந்தான், விடு" என்று அவர் சொன்னதாகச் சொன்னார்கள். அதற்கு நான் என்ன செய்வேன்! என்னைத் திட்டுங்கள் அண்ணி என்றேன். அவர்கள் திட்டவில்லை.

"மேடையில சொல்லு. என்கிட்ட மட்டும் சொன்னா அது உன் மனசுக்கு. அங்க சொன்னாதான் அது அவரு வேலைக்கு."

சொல்லிவிட்டேன் அண்ணி.

இனித் தீர்மானத்துக்கு வருகிறேன். மேடையில் இருக்கும் பெரியவர்கள் நியாயத்தைத்தான் பேசுகிறார்கள். ஒரு உயிர் போய்விட்டது, இன்னொன்று போகக் கூடாது என்கிறார்கள். மூட்டையைச் சாலையில் இறக்கினால் வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள் என்கிறார்கள். யார் வந்து எடுப்பார்கள்? நடக்கத் தெம்பு இருக்கிறவர் வருவார். அடுப்பு மூட்ட வழியில்லாமல் படுத்துக் கிடக்கிறவர் எப்படி வருவார்? கைக்குழந்தையோடு கிடந்தாளே, அவள் வந்திருப்பாளா?

காலி வீட்டுக்காகச் செத்தாரே என்று இனி நீங்கள் கேட்பீர்கள். நானும் அதைத்தான் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், சாகும்வரை கேட்பேன். ஆனால் முகட்டில் நின்று பார்த்தால் காலி வீடும் பட்டினி வீடும் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. கண்ணாடிக் கடைக்காரன் சொல்கிறேன், அங்கிருந்து வித்தியாசம் காட்டும் கண்ணாடி எதுவும் இல்லை. கிட்டப் போய்த்தான் ஆக வேண்டும். நான் கிட்டப் போயிருந்தால், முழங்கால் வீங்கிய ஒரு மனிதர் போயிருக்க வேண்டியதில்லை. அவரைக் கொன்றது மலை ஏறுவது என்ற வழக்கம் இல்லை. நான் ஏறாததுதான்.

ஆகவே தலைவர் அவர்களே, அந்தத் தீர்மானத்திலிருந்து என் கையெழுத்தை அடித்துவிடுங்கள். இனி மழை பிடித்தால் ஏறுவதில்லை, மறுநாள் ஏறுவோம். தனியாக ஒருவரும் போவதில்லை. ஓடையில் கயிறு கட்டுவோம். ஆனால் கதவைத் தட்டாமல் திரும்புவதில்லை. இதைத் தீர்மானமாக எழுதிக்கொள்ளுங்கள். ஏற்றுக்கொள்ள மாட்டீர்கள் என்றாலும் நான் போகத்தான் போகிறேன்.

வருகிற சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு வண்டி. அதே ஊர், பதினேழு வீடு. பதினைந்து வீட்டில்தான் ஆள் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். போனவர்கள் திரும்பி வந்திருக்கிறார்களா என்பது எனக்குத் தெரியாது. அதனால் பதினேழு மூட்டை எடுத்துப் போகிறோம். இரண்டு திரும்பி வந்தால், அந்த இரண்டையும் நானே சுமந்துகொண்டு இறங்குகிறேன்.