ஒம்போது கேள்வி

பையக் கீழ வைங்க டாக்டரம்மா. இப்பத்தான் எந்திரிச்சீங்க, அதுக்குள்ள என்ன கெளம்புறது? பஸ்ஸா? ரோட்டு விலக்குல அரைமணிக்கு ஒண்ணு வரும். பிள்ளைய செத்த நேரம் பிடிங்க, பாலு பொங்கீரும்.

எப்பவும் காலேஜ் வண்டியில மாசம் ஒரு தடவ கும்பலா வருவீங்க. ஆளுக்கு அஞ்சு வீடுன்னு பிரிச்சுக்கிட்டு பிரஷர் பாப்பீங்க, எழுதிட்டுப் போவீங்க. இன்னைக்குத் தனியா டவுன் பஸ்ல, வெள்ளைக் கோட்டு இல்லாம வந்து நின்னீங்கள்ல, எனக்குத் திக்குன்னுச்சு. பாப்பாவுக்குக் கொலுசு வேற. அடுத்த மாசம் வேற ஆளு வருவாங்கக்கான்னீங்க. நீங்க எங்க போறீங்கன்னு கேட்டா சிரிக்கீங்க. பொறவு இந்தப் பாயில சாஞ்ச ஆளு ரெண்டு மணி நேரம் அசையல.

எனக்குப் பேச வராது. அஞ்சாப்போட நின்னவ. ராஜபாளையத்துல பேண்டேஜ் கம்பெனியில ஆறு வருசம் துணி மடிச்சேன், ஊமைச்சின்னுதான் கூப்பிடுவாளுக. இன்னைக்கு என்னமோ வாயி நிக்கமாட்டேங்குது.

இவ பொறந்து நாப்பதாம் நாளு ஒரு தாள வச்சுக்கிட்டு ஒம்போது கேள்வி கேட்டீங்களே. தூக்கம் வருதா, சோறு எறங்குதா, எதுக்கு இருக்கோம்னு தோணுதான்னு. மாமியாரு பக்கத்துல நிக்காக. நான் ஒம்போதுக்கும் அதெல்லாம் இல்லன்னு தலைய ஆட்டுனேன். நீங்க எழுதல. பேனாவ மூடிட்டு, ரேசன் கார்டு வேணும்னு மாமியார உள்ள அனுப்பிட்டு, இப்பச் சொல்லுங்கக்கான்னீங்க. பாவம், அவிய கார்டத் தேடி முடிக்கிற வரைக்கும் நான் அழுதேன். நீங்கதான் ஸ்ரீவில்லிபுத்தூரு பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்க. மாத்திரை தின்னேன், தெளிஞ்சேன்.

இப்ப நீங்க எந்திரிச்சதும் நானும் கேட்டேன்ல, அதே கேள்விய. முன்னபின்னதான் கேட்டேன். நீ என்ன சொன்ன? அதெல்லாம் இல்லக்கா. நான் சொன்ன அதே பொய்யி, அதே தலையாட்டு. டாக்டருக்குப் படிக்கிற பிள்ள, கொஞ்சம் நல்லாச் சொல்லப்பிடாதா?

நீன்னு வந்துருச்சு. கோவிச்சுக்காத.

வீட்டுக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டாகன்னுதான நெனைக்க? அவுகளுக்குத் தெரியும் ஹஃபீஸா. ரெண்டு பரீட்சை போனது தெரியும். வார்டுல அத்தன பேரு முன்னால சார் வஞ்சது தெரியும். மூணு நாளா ஹாஸ்டல்ல நீ சாப்பிடலங்குறதும் தெரியும். ஓங்கூடப் படிக்கிற பிள்ள காலையிலயே சொல்லிருச்சாம்.

எனக்கு எப்பிடியா? நீ தூங்கும்போது போனு மூணு தடவ அடிச்சது. உம்மான்னு எழுத்துக் கூட்டிப் பாத்தேன். அடுத்தவ போனத் தொடலாமான்னு ரெண்டு தடவ விட்டுட்டேன். மூணாந்தடவ எடுத்துட்டேன். ஒங்கம்மா வையல. எங்க இருக்கா, மூச்சு விடுதாளான்னு கேட்டாக. தூங்குதான்னேன். நான் வாரவரைக்கும் விட்றாத தாயின்னாக.

கடையநல்லூர்ல ஏறி, ராஜபாளையம் தாண்டியாச்சாம். வேற என்னத்தச் சொல்லி ஒன்ன நிறுத்துறதுன்னு தெரியாமத்தான் இம்புட்டும் பேசுனேன். இனி எங்கிட்ட ஒண்ணும் இல்ல. அவிய வாரவரைக்கும் ரெண்டு பேரும் சும்மா உக்காந்திருப்போமா?