படத்தில் இல்லாத கழுதை

காமிக்ஸ் புத்தகத்தின் முதுகை மடக்கக் கூடாது. புத்தகம் சேர்ப்பவர்கள் வீட்டில் முதலில் சொல்லித்தருவது அதைத்தான். உள்ளங்கைகளில் ஏந்தி, பாதி மட்டும் திறந்து பார்க்க வேண்டும். மாதேஸ்வரன் அண்ணாச்சிக்குப் பார்வை போன பிறகும், பக்கம் புரளும் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். "தொரை, ரொம்பத் தொறக்கற" என்பார்.

என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். விபத்தன்று நான் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு வரி தவறு. அதைத் திருத்த வேண்டும்.

நான் தங்கதுரை. சொந்த ஊர் கோவில்பட்டி பக்கம். ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் தரப் பரிசோதனை. பாகத்தை எடுத்துப் பார்ப்பேன், ஓகே என்பேன், அல்லது ரிஜெக்ட் என்பேன். ஷிப்ட் முழுக்க அந்த இரண்டு சொல்தான். ஜூஜுவாடியில் அண்ணாச்சி வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். அவர் உள்ளூர்க்காரர். கேழ்வரகு போட்ட நிலத்தைக் குடோன்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, வரிசையாக ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். வந்த வாடகையெல்லாம் புத்தகமாக அலமாரிக்குப் போனது.

"அண்ணாச்சின்னு கூப்புடாத தொரை. இங்க அண்ணாச்சின்னா மளிகைக் கடை. துவரம் பருப்பு என்னா வெலைன்னு கேட்டு எவனாச்சும் வந்துருவான்" என்று சொல்வார். நான் மாற்றிக்கொள்ளவில்லை. அவருக்கும் அது பிடித்திருந்தது.

சர்க்கரை அவர் கண்ணை எடுத்தது. அதற்குப் பிறகும் புத்தகம் வாங்குவதை அவர் நிறுத்தவில்லை. கூரியர் வந்ததும் உறையைப் பிரித்து, மை வாசனை பிடித்து, தாளைத் தடவிப் பார்த்து என்னிடம் நீட்டுவார்.

"கை போட்டதா, மிஷின் போட்டதா?"

சேர்ப்பவர்களின் வாட்ஸப் குழுவில் அப்போது இதே சண்டைதான். ஏஐ போட்ட படங்கள் புத்தகமாக வரத் தொடங்கியிருந்தன. ஒருவன் விரல்களை எண்ணுவான். இன்னொருவன், சட்டைப் பொத்தான்கள் அடுத்த கட்டத்தில் இடம் மாறியிருப்பதை வட்டமிட்டு அனுப்புவான். நான் பார்த்துச் சொல்வேன். மிஷின் என்றால் அண்ணாச்சி அதைக் கீழ்த்தட்டில் போட்டுவிடுவார். என் தீர்ப்பை இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்த்ததே இல்லை.

ஷிப்ட் முடிந்து வந்ததும் அவருக்குப் படித்துக் காட்டுவேன். இது கதைப் புத்தகம் படிப்பது போல அல்ல. கிராஃபிக் நாவலில் பாதிக் கட்டங்களில் எழுத்தே இருக்காது. யார் எங்கே நிற்கிறார், வெளிச்சம் எந்தப் பக்கம், கை எங்கே இருக்கிறது, எல்லாம் சொல்ல வேண்டும். நான் சொல்லாதது அவருக்குக் கிடையாது.

பனிமலைக் கணவாயைத் தாண்டித் தபால் கொண்டுபோகிற ஒருவனின் கதை. வெளிநாட்டுக் கதை, தமிழில் ஒன்பது பாகம். அவனிடம் ஒரு கோவேறு கழுதை. மூன்றாம் பாகத்தில் அது பள்ளத்தில் விழுந்து சாகிறது. ஒரு முழுப் பக்கம், எழுத்தே இல்லாமல். அந்தப் பக்கத்துக்கு நாங்கள் வந்தபோது அண்ணாச்சியின் மனைவிக்குக் காரியம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"சறுக்குது. பாறையில காலை ஊனிக்கிடுச்சு. தப்பிச்சிடுச்சு அண்ணாச்சி" என்றேன்.

அவர் மூச்சை விட்டார். அவ்வளவுதான். அதைக் குற்றம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

நான்காம் பாகத்திலிருந்து படங்களில் கழுதை இல்லை. நான் வைத்தேன். குடிசைக்குப் பின்னால், மரத்தடியில், ஆற்றின் இந்தக் கரையில். அவர் தினமும் முதலில் அதைத்தான் கேட்பார்: "கழுதை எங்க நிக்குது?" அதற்குக் குணமும் நான்தான் கொடுத்தேன். பாலத்தைக் கண்டால் நகராது. தபால்காரனின் ரொட்டியைத் திருடும். அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரிப்பார். "எங்க மாமனார் இதே மாதிரிதான்" என்பார். கழுதை இருந்தால் கதை அதே வழியில் போகாது. ஆறாம் பாகத்தில், படத்தில் இருந்தது வேறு, நான் சொன்னது வேறு. என்னுடையது மோசமில்லை. மறுநாள் என்ன நடக்கும் என்று கேட்க ஒரு மனிதர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அதுபோல் வேறெங்கும் நடந்ததில்லை.

அண்ணாச்சியின் மகள் சுவாதி பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, அவர் போனில் ஒன்றைப் போட்டுக்கொடுத்தாள். கேமராவைக் காட்டினால் எதிரில் இருப்பதைச் சொல்லும். நல்ல தமிழ், பெண் குரல். ஒரே பக்கத்தை நூறு தடவை கேட்டாலும் அலுக்காமல் சொல்லும்.

சமையல் செய்கிற வெங்கடம்மா எட்டிப் பார்த்தாள். "ஏமி சார், வீட்ல இன்னொரு ஆளா? அதுக்கும் சேத்து உலை வெக்கணுமா?"

"அது கரண்டு மட்டும் திங்கும்மா" என்றார் அண்ணாச்சி.

நான் இருக்கும்போதே ஆறாம் பாகத்தை எடுத்து அதனிடம் காட்டினார். ஒரு மனிதர் பனியில் தனியாக நடக்கிறார் என்றது.

"கழுதை எங்க நிக்குது?"

"இந்தப் படத்தில் விலங்கு எதுவும் தெரியவில்லை."

அடுத்த பக்கம் காட்டினார். அதிலும் இல்லை என்றது. பிறகு அவர் சிரித்தார். "பாவம் தொரை. இதுக்கு என்னை விடக் கண்ணு மோசம்."

நானும் சிரித்தேன்.

"சனிக்கிழமை சுவாதி வர்றா. அவளையே பக்கம் பக்கமாப் பாக்கச் சொல்றேன். எவ்ளோ பெருசா நிக்கற கழுதைய விட்டுட்டுச் சொல்லுதுன்னு அவளும் தெரிஞ்சிக்கட்டும்."

அந்த வாரம் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. ஷிப்ட் முடிந்தால் சர்வீஸ் ரோட்டில் அத்திப்பள்ளி எல்லை வரை நடப்பேன், திரும்புவேன், மறுபடி நடப்பேன். நல்ல பாகங்களை ரிஜெக்ட் பெட்டியில் போட்டதாக மேனேஜர் சொன்னார். நான்காம் பாகத்திலிருந்து எல்லாவற்றையும் மாடிக்குக் கொண்டுபோய் வைத்தேன். மறுநாள் காலையிலேயே அண்ணாச்சி அலமாரியைத் தடவிவிட்டு, "பல்லு போன மாதிரி இருக்குதே, யாரு எடுத்தா?" என்றார். பைண்டிங் பார்க்க எடுத்ததாகச் சொல்லித் திருப்பி வைத்தேன்.

பிறகு ஒரு கறுப்புப் பேனா வாங்கி, நான்காம் பாகத்தில் கழுதையை வரைந்து பார்த்தேன். புத்தகத்தில் பெயர்கூட எழுத விடாதவர் அவர். எனக்கு வரையத் தெரியாது. காது மட்டும் சரியாக வந்தது.

அவரிடமே சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் யோசித்தேன். சொன்னால், அன்றிலிருந்து நான் சொல்லும் ஒவ்வொன்றையும் அந்தக் குரலிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்வார். மனைவியும் கண்ணும் போனவருக்கு மிச்சம் இருந்தது அந்த நம்பிக்கை. அதை உடைக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் பக்கம் நின்றுதான் நான் யோசித்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வழக்கம்போல எதிர்ப்பக்க பேக்கரிக்கு டீ குடிக்கக் கிளம்பினோம். செருப்பை மாட்டும்போது அவர் சொன்னார்: "கழுதை இருக்குதோ இல்லியோ தொரை, நீ சொல்றப்ப இருக்குது. எனக்கு அது போதும்."

எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று நான் ஆராயவில்லை. மறுநாள் சனிக்கிழமை.

சுரங்கப்பாதை தூரம் என்பதால் அங்கே எல்லோரும் நடுத்தடுப்பில் இருக்கும் இடைவெளி வழியாகத்தான் ஹைவேயைக் கடப்பார்கள். பாதி ரோட்டைக் கடந்து தடுப்பில் நின்றோம். போன் அவருடைய சட்டைப் பையில் இருந்தது, கேமரா வெளியே தெரிகிற மாதிரி. அதை ஓடவிட்டிருந்தார். அது பேசியது.

"இடது பக்கமிருந்து வாகனங்கள் வருவதுபோல் தெரிகிறது. சாலையைக் கடக்க என்னை மட்டும் நம்ப வேண்டாம். அருகில் இருப்பவரிடம் கேளுங்கள்."

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாரு, அதுவே உன்னைக் கேக்கச் சொல்லுது" என்று என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "ரோடு எப்படி இருக்குது?"

வழக்கமாக அவர் முழங்கையைப் பிடித்திருப்பேன். அன்று பிடிக்கவில்லை.

"காலியா இருக்கு அண்ணாச்சி."

"சத்தம் கேக்குதே."

"அது சர்வீஸ் ரோட்டுல. பால் வண்டி நிக்கி. டிரைவர் இன்ஜினை ஆஃப் பண்ணாம டீ குடிக்கான். பேக்கரி வாசல்ல ஒரு நாய் படுத்திருக்கு."

பால் வண்டி இல்லை. நாயும் இல்லை. ஆனால் சொல்லும்போது அந்தப் படம் எனக்கு நன்றாகவே வந்தது.

"நாய் என்னா கலரு?"

"செவலை."

அவர் காலை எடுத்து வைத்தார்.

கிருஷ்ணகிரி போகிற லாரி அது. டிரைவர் மேல் தப்பில்லை. அவனை விட்டுவிடுங்கள். போன் சக்கரத்தில் நசுங்கிவிட்டது, அதனால் நான் சொன்னதுதான் சாட்சி. நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன், போன் வழி சொல்ல அவர் நடந்தார் என்று சொன்னேன். நீங்களும் அப்படியே எழுதிக்கொண்டீர்கள்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் பேப்பரில் வந்தது. ஏஐ பேச்சை நம்பி உயிரை விட்ட பார்வையற்றவர் என்று போட்டார்கள். சுவாதி அந்தக் கம்பெனி மேல் புகார் கொடுத்திருக்கிறாள். குழுவில் எல்லோரும் அஞ்சலி எழுதுகிறார்கள், கடைசியில் மிஷினை நம்பிவிட்டாரே என்று. கை போட்டதைத் தவிர வேறு எதையும் தொடாத மனிதரைப் பற்றி. நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சாப்பிட முடியவில்லை. வேலையில் கை ஓடவில்லை.

அந்தக் குரல் சரியாகத்தான் சொன்னது. அவர் அதைக் கேட்கவில்லை. என்னைக் கேட்டார், என்னை நம்பினார், நான் சொன்ன ரோட்டில்தான் நடந்தார். லாரி வருவதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். அந்த வரியை அடித்துவிட்டு இதை எழுதுங்கள். அவர் கடைசியாக வைத்த நம்பிக்கை மிஷினுக்குப் போய்ச் சேர வேண்டியது அல்ல. இது அண்ணாச்சிக்கு நான் செய்ய வேண்டிய மரியாதை.