சிவப்புப் பொட்டு

திருப்பரங்குன்றம் பேருந்தில் என் முன் இருக்கையில் ஓர் ஓவியர் தம்பதி. மூன்று வாரத்தில் மூன்று கண்காட்சி முடித்த களைப்பு. கணவர் மடியில் துணி சுற்றிய படம் ஒன்று.

"என் ஸ்டிக்கர் பொட்டு அட்டையில ஒண்ணக் காணோமே, நீங்களா எடுத்தீங்க?" என்றாள் மனைவி.

"ஒன் படம் ஒவ்வொண்ணா வித்துப்போச்சுன்னு செவப்புப் பொட்டு ஒட்டிக்கிட்டே வந்தாக. என்னோடது மட்டும் மூளியா நின்னுச்சு. நானே ஒண்ணு ஒட்டிக்கிட்டேன். அதுக்கென்ன இப்ப?"

"பரவை ஊர்க்காரர் ஒருத்தரு ஒங்க படத்து முன்னாடியே அம்புட்டு நேரம் நின்னாருங்க."

அவர் சட்டென்று நிமிர்ந்தார். "வாங்குறேன்னாரா?"

"பொட்டப் பாத்தாரு. 'வித்துப்போச்சே'ன்னு வருத்தப்பட்டு, பக்கத்துல இருந்த என் படத்த வாங்கிட்டுப் போயிட்டாரு."

"அதுவும் ஒனக்கே போச்சா!" என்றார் அவர்.