வெட்டிங் ஆயில்

பருத்தி இலையில தண்ணி நிக்காதுங்க அய்யா. முத்து முத்தா உருண்டு மண்ணுல விழுந்துரும். மருந்து கலந்த தண்ணியும் அப்படித்தான். தொண்ணூத்தொண்ணுல வெள்ளகோவில்ல எங்க காட்டுல காய்ப்புழு விழுந்தப்ப, நாலு தடவை அடிச்சும் புழு சாகல.

வீரபாண்டியில என் மச்சான் சாயப்பட்டறை வெச்சிருந்தாரு. துணி சீக்கிரம் நனையறதுக்கு அங்க வெட்டிங் ஆயில்னு ஒண்ணு ஊத்துவாங்க. அதை ஊத்தினா தண்ணி உருளாது, பரவும். ஒரு கேன் வாங்கியாந்து மருந்துல கலந்து, இலையில ஒரு சொட்டு விட்டுப் பாத்தேன். தட்டையாகி இலை பூராப் படிஞ்சுது. சந்தோசமா இருந்துச்சுங்க. அப்புறம் என் புறங்கையில ஒரு சொட்டு விட்டேன். அங்கயும் அப்படியே படிஞ்சுது. ஒடனே கழுவிட்டேன்.

கந்தவேலு பன்னெண்டு வருசமா எங்க காட்டுல வேலை செஞ்சவன். முதுகுல மாட்டுற டேங்க் மூடிக்கிட்ட ஒழுகும். தொடச்சுக்கிட்டு அவன் பாட்டுக்கு அடிப்பான். ஆயில் கலந்த மருந்தை அடிச்ச அன்னைக்கு நாலாவது டேங்க்குல வந்து நின்னான்.

"பண்ணாடி, இது வழிஞ்சு போகலீங்க. சட்டையோட ஒட்டிக்குதுங்க. முதுகு எரியுதுங்க."

"இன்னும் ரெண்டு டேங்க்குதான் கண்ணு, முடிச்சுரு"ன்னேன்.

முடிச்சான். வரப்புல உக்காந்து வாந்தி எடுத்தான். எச்சில் நிக்காம ஒழுகுச்சு, கண்ணுப் பாப்பா கடுகாட்டம் சுருங்கிப் போச்சு. அவன் சம்சாரம் ஆயம்மா ஓடியாந்து, தொட்டித் தண்ணியை மோந்து அவன் மேல ஊத்தப் போச்சு. நான் கையைப் பிடிச்சுட்டேன்.

"வெயில் மயக்கம் ஆயம்மா. சூட்டு ஒடம்புல தண்ணி ஊத்துனா ஜன்னி வந்துரும்."

நான் சொன்னா அந்தப் புள்ள நம்பும். முந்தானையில அவன் வாயைத் தொடச்சுக்கிட்டே உக்காந்திருந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்ட கார் வர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சுங்க.

பொணத்தைக் குளிப்பாட்டறப்ப மொதக் கொடத்துலயே நுரை பொங்குச்சு. ஆயம்மா என்னைய நிமிந்து பாத்துச்சு.

"சோப்பே போடலீங்களே பண்ணாடி, நுரை எப்படீங்க வருது?"

இப்ப ஆறு வருசம் கழிச்சு ஆயம்மா உங்ககிட்ட மனுக் குடுத்திருக்குது, நீங்க கேக்கறீங்க, சொல்றேன்.

அந்த ஆயில் பட்ட ஒடம்புல தண்ணி ஊத்துனா நுரை வர்றதைப் பட்டறையில பாத்திருக்கேன். வரப்புலயே நுரை வந்தா எல்லாரும் ஏன்னு கேப்பாங்க. அதுக்குப் பயந்துதான் தடுத்தேன். ஊத்திக் கழுவியிருந்தா அவன் பொழைச்சிருப்பான். அதுவும் எனக்கு அப்பவே தெரியுமுங்க.