இருபது நிமிடம் ‘கொ’

— தூங்கல கொரின், கண்ண மூடிக் கேட்டேன்.

— குறட்டை விட்டுக்கிட்டா கேப்பாங்க, ட்வைட்? ஒத்திகைல பாடுறவனே ஒரு நொடி நிறுத்திட்டான்.

— உன் பாட்டுக்குப் பொருத்தமாத்தானே விட்டேன்! அக்கா ஓப்பரான்னு ஒரு இசை நாடகம் எழுதியிருக்கான்னு ப்ரூக்ளின்லேருந்து லீவு போட்டுட்டு வந்தா, இருபது நிமிஷமா ஒருத்தன் ‘கொ, கொ, கொ’ங்கறான். கோழி புடிக்கிறானா? நான் ஓட்டுற சுரங்க ரயில்கூட அங்கங்க வளையும்.

— சிரிச்சது போதும். நிகழ்ச்சிப் புத்தகத்துக்கு எழுதியிருக்கேன், படி. சாயந்திரம் அச்சுக்குப் போகணும்.

— “இந்த இசைக்கு வழி காட்டியவை: கானா நாட்டு முரசுகள், பாலித் தீவின் வெண்கல மணிகள், வெள்ளைத் துணியில் பென்சில் கோடு மட்டும் இழுத்த ஓவியங்கள்…” அடேங்கப்பா! கோடு இழுத்தாலே ஓவியமா?

— ஒவ்வொரு கோடும் ஒரு மயிரிழை மாறும்டா. பொறுமையாப் பாத்தாதான் தெரியும். என் பாட்டும் அப்படித்தான்.

— சரி. முரசு, மணி, கோடு. அந்தக் ‘கொ’ எங்கேருந்து வந்துச்சு?

— அத எழுதல.

— ஏன்?

— உன்னக் கேக்காம எப்படி எழுதறது?

— என்னையா?

— உனக்கு ஏழு வயசு. சாப்பாட்டு மேசைல என்னக் கூப்பிட வாயத் தொறப்ப. ‘கொ… கொ…’ன்னு நின்னுடும். அப்பா பொறுக்கமாட்டாம ‘கொரின்’னு முடிச்சு வச்சிடுவாரு.

— அவரு முடிச்சதும் நான் சொல்ல வந்ததே மறந்துடும்… அப்ப, மேடைல நிக்கறது நானா? ஊரே சிரிக்கவா?

— எதிர்ல ஒரு பொண்ணு நின்னாளே, பாத்தியா?

— பாட்டு மறந்துபோச்சு பாவம்னு நெனச்சேன்.

— காத்துக்கிட்டு நிக்கறா.

— …ஆமா. நீ மட்டும் கரண்டியக் கீழ வச்சிட்டு உக்காந்திருப்ப.

— அந்தக் காத்திருப்பும் போகப்போகுது. இருபது நிமிஷத்த ஏழு நிமிஷமா வெட்டுன்னு தியேட்டர் நிர்வாகி சொல்லிட்டாரு. நீயே தூங்கிட்ட, ஊர்க்காரங்க எப்படித் தாங்குவாங்க? சரின்னு சொல்லிடப்போறேன்.

— அந்தாளு நம்பரப் போட்டு போனக் குடு.

— ஐயோ, நீயா? என்கிட்ட சரளமாப் பேசுற, போன்ல பேசினா உனக்கு இப்பவும் திக்குமேடா!

— தி… தி… திக்கட்டும். அவரும் கொஞ்சம் காத்திருக்கட்டும்.