தூங்குகிறவனின் கழுத்து

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான் ஐயா, பரவாயில்லை. என் மச்சினனுக்கு இப்படித்தான் பிடிக்கும். பாயசம் மாதிரி இருந்தால்தான் அவனுக்கு டீ. அதில் வேறு எந்தக் கசப்பு கலந்தாலும் நாக்குக்குத் தெரியாது.

கேட்டதற்கு ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் என் வேலை என்னவென்று புரிந்தால்தான் மற்றது புரியும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் செய்வது லைஃப் ஜாக்கெட். படகில் கொடுப்பார்களே, தலையணையை மார்பில் கட்டிவிட்ட மாதிரி, அது இல்லை. அதை மாட்டிக்கொண்டு எவனாலும் வேலை செய்ய முடியாது. கழற்றி இருக்கைக்கு அடியில் வீசிவிட்டு அப்புறம் மூழ்குவார்கள். என்னுடையது தோளில் கிடப்பதே தெரியாது. உள்ளே மடித்து வைத்த காற்றுப் பை, சின்னதாக ஒரு காஸ் குப்பி, ஒரு ஸ்பிரிங், அதைப் பிடித்து வைக்க ஒரு மாத்திரை. தண்ணீர் பட்டால் மாத்திரை கரையும், ஸ்பிரிங் விடுபடும், ஊசி குப்பியைக் குத்தும், பை உப்பும். விழுந்தவர் ஒன்றும் செய்ய வேண்டாம். நான் வடிவமைப்பேன், என் மனைவி பையின் ஓரங்களை ஒட்டுவாள், அவள் தம்பி அதை மாட்டிக்கொண்டு பட்டறைத் தொட்டியில் குதிப்பான். குடும்பமாகத்தான் செய்தோம்.

குதிப்பதற்கு அவனை மாதிரி ஆள் கிடைக்காது. நீச்சல் தெரியாதவன் மாதிரி விழுடா என்றால் அப்படியே விழுவான். கண்ணை உருட்டி, கைகாலை உதறி, "ஐயோ அக்கா, எனக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகலையே!" என்று அலறுவான். அவள் பசைக் கையோடு ஓடி வந்து பார்த்துவிட்டு, "எருமை, எருமை" என்று திட்டுவாள். என் மகள், எங்கள் பாப்பா, தொட்டி விளிம்பில் உட்கார்ந்துகொண்டு வயிறு வலிக்கச் சிரிப்பாள்.

மகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மீட்புக் குழுவுக்குக் காட்டுவதற்காக ஏரிக்குப் போயிருந்தோம். அவளும் ஒன்றை மாட்டிக்கொண்டு படகில் ஏறினாள். துறையை நெருங்கும்போது படகு தூணில் இடித்தது. தலை கம்பியில் மோதி அவள் தண்ணீரில் விழுந்தாள். பை விரிந்தது. அவ்வளவு சுத்தமாக அது அதற்கு முன் ஒரு தடவைகூட விரிந்ததில்லை. எல்லோரும் கை தட்டினார்கள், இதுவும் காட்டுவதில் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டு. அவள் முகம் தண்ணீருக்குள் இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. மஞ்சள் பை மிதக்கிறதல்லவா, ஆள் பிழைத்தாயிற்று என்றுதான் தோன்றும்.

மிதக்க வைப்பது பெரிய காரியமில்லை ஐயா. மயங்கிக் கிடப்பவரை மல்லாக்கத் திருப்ப வேண்டும், அதுதான் காரியம். தொட்டியில் ஒவ்வொரு முறையும் திருப்பியது ஏரியில் ஏன் திருப்பவில்லை? அவளைப் பிணமாக எடுத்துப் போட்ட பிறகு எனக்கு அந்த ஒரு யோசனைதான். சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை. டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான் அதைப் போடவில்லை. மச்சினனைத் திரும்பத் திரும்பத் தொட்டியில் இறக்கிப் பார்த்தேன். ஒருநாள் கண்ணில் பட்டுவிட்டது. பை அவனைத் திருப்பவே இல்லை, அவன்தான் திரும்பினான். மூக்கில் தண்ணீர் பட்டதும் அவன் முகவாய் தானாக மேலே போனது. ரொம்ப இல்லை, கொஞ்சம்தான். மீதியைத்தான் பை செய்தது. இத்தனை காலமும் மொத்தத்தையும் பையின் சாமர்த்தியம் என்று நாங்கள் நம்பியிருந்தோம்.

பையின் வடிவத்தை மாற்றினேன். ஒரு பக்கத்தைப் பெரிதாக்கினேன், கழுத்துக்குக் கீழே இன்னொரு மடிப்பு வைத்தேன். ஆனால் எதில் சோதிப்பது? மணல் பொம்மையின் கழுத்து பொம்மைக் கழுத்துதான். கழுத்தைத் தளர விடு என்று மச்சினனிடம் கெஞ்சினேன், கத்தினேன்.

"நான் என்ன மாமா பண்றது? மூக்குல தண்ணி பட்டா அதுவா தூக்குது. என் பேச்சை எங்க கேக்குது?" என்றான். பிறகு தலையைத் துவட்டிக்கொண்டே சிரித்தான். "நான் செத்தாத்தான் உங்க டெஸ்ட் ஒழுங்கா நடக்கும் போல."

இதை நீங்கள் கட்டாயம் எழுதிக்கொள்ள வேண்டும். முதலில் சொன்னது அவன். நான் இல்லை.

மழைக்காலம் நெருங்கியது. மீட்புக் குழுத் தலைவர் போன் மேல் போன். "சார், எங்க பசங்க வெறும் உடம்போட வெள்ளத்துல இறங்குறாங்க. குடுக்கறீங்களா இல்லையா?" என்றார். கொடுத்தால் இன்னொரு பிள்ளை குப்புறக் கிடக்கலாம். கொடுக்காவிட்டால் அவர்கள் வெறுமனே முங்கிச் சாகலாம். எனக்குப் பைத்தியம் பிடிக்கும் போலிருந்தது. தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஒரே ஒரு கழுத்து, தன்னைத் தூக்கிக்கொள்ளாத ஒரு கழுத்து வேண்டும். தூங்குகிறவன் தலையைத் தூக்க மாட்டான்.

மச்சினனை ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல வெயில். அவனே துடுப்புப் போட்டான். நடு ஏரியில் பிளாஸ்க்கைத் திறந்து டீ கொடுத்தேன். "மாமா, இன்னைக்குத்தான் சர்க்கரை சரியா இருக்கு," என்றான். பாப்பாவைப் பற்றிப் பேசினான், அவள் அவனை மீன் மாமா என்று கூப்பிட்டதைப் பற்றி. பேச்சு குழறியது, படகிலேயே சாய்ந்தான். எங்கே சாய்ந்தாலும் தூங்குகிறவன்தான், முகத்தில் ஒரு கவலையும் இல்லை. டீயில் கரைய வேண்டிய மாத்திரை கரைந்திருந்தது. வார்களை இறுக்கிச் சரிபார்த்தேன். மெதுவாகத்தான் புரட்டிவிட்டேன், அடி எதுவும் பட்டுவிடக் கூடாதே என்று.

பை உடனே விரிந்தது. பெரிய பக்கம் அவனைத் தூக்கிச் சரித்தது, பாதி வரைக்கும். அங்கேயே நின்றுவிட்டது. ஒரு கன்னம் வெளியே, மூக்கும் வாயும் உள்ளே. ஒரு சின்ன அலை வந்தால் மீதியைத் திருப்பிவிடும் என்பது என் கணக்கு. அன்றைக்கு அலையே இல்லை ஐயா. துடுப்பு என் மடியில் இருந்தது. தொட்டால் சோதனை கெட்டுவிடும். அதனால் அலைக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. பிறகு அவனை இழுத்துப் படகில் போட்டேன். அவன் சும்மா கிடந்தான்.

என் மனைவியைப் பார்க்க விட்டீர்களே, அதற்கு நன்றி. கத்துவாள், சட்டையைப் பிடிப்பாள் என்று நினைத்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு இரண்டே கேள்விதான் கேட்டாள்.

"அவன் கிடந்தது உங்களுக்குக் கை எட்டுற தூரமா?"

"எட்டும்," என்றேன். எனக்குப் பொய் சொல்ல வராது.

"அன்னைக்கு பாப்பா விழுந்தப்போ?"

அது வேறு, இது வேறு என்றேன். அவள் திரும்பி நடந்து போய்விட்டாள். உங்களுக்காவது புரியும் என்று நினைக்கிறேன். மச்சினனை நான்தான் கொன்றேன். தெரிந்தே செய்தேன், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். மகள் விஷயத்தில் மட்டும் என் மேல் ஒரு குற்றமும் கிடையாது. நான் அவளுக்குப் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தேன், குனிந்தால் எட்டியிருக்கும். ஆனால் பை அவ்வளவு சுத்தமாக விரிந்தது ஐயா. முதலில் கை தட்டியதே நான்தான்.